அக்டோபர் 31 வரை டைம் இருக்கிறதா? பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் வருமான வரி ரிட்டர்ன் பற்றி

கேள்வி இதுதான்: அம்பத்தூர் எஸ்டேட்டில் மைத்துனரோடு சேர்ந்து பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறீர்கள். எந்திர பாகங்கள் செய்து கொடுக்கும் வேலை. விற்றுமுதல் சுமார் இரண்டரை கோடி. 2025-26 நிதியாண்டில் 40 லட்சத்துக்குப் புது மெஷின் வாங்கியதால் நஷ்டம். "நஷ்டம்தானே, வரி கட்ட வேண்டியதில்லை, ரிட்டர்ன் கொஞ்சம் தள்ளிப்போனால் என்ன? லேட் ஃபீ கட்டிவிட்டால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, பிப்ரவரியில் இன்னொரு கம்பெனி பதிவு செய்து சும்மா வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் லேட் ஃபீ. உங்கள் விஷயத்தில் அது வெறும் 1,000 ரூபாய். மொத்த வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் 5,000. இதை மட்டும் பார்த்துத்தான் பலர் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் நஷ்டத்தில் இருக்கும் கம்பெனிக்குத்தான் கெடு தேதி மிக முக்கியம். கெடுவுக்குள் ரிட்டர்ன் போடாவிட்டால் அந்த ஆண்டின் வியாபார நஷ்டத்தை அடுத்த எட்டு ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லும் உரிமை போய்விடும். தேய்மானத்தால் வந்த பகுதிக்கு மட்டும் அந்த ஆபத்து இல்லை, அது தாமதமாகப் போட்டாலும் கூடவே வரும்.

உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம். 40 லட்சம் மெஷின் ஆகஸ்டிலேயே ஓட ஆரம்பித்துவிட்டது என்கிறீர்கள். அதற்கு 15 சதவீத சாதாரணத் தேய்மானம் 6 லட்சம், புது மெஷினுக்கான கூடுதல் தேய்மானம் 20 சதவீதம், அதாவது 8 லட்சம். மொத்தம் 14 லட்சம். (180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் இந்த ஆண்டுக்கு இதில் பாதிதான்.) மொத்த நஷ்டம் 25 லட்சம் என்றால் மிச்சம் 11 லட்சம் வியாபார நஷ்டம். அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ லாபம் வரும்போது அந்த 11 லட்சம் உங்களுக்கு 26 சதவீத வரியை, அதாவது 2,86,000 ரூபாயை மிச்சப்படுத்தும். நவம்பர் 1 அன்று ஃபைல் பண்ணினால் அது கையைவிட்டுப் போகும். காரணம் காட்டி மன்னிப்புக் கேட்க 119(2)(பி) என்று ஒரு வழி இருக்கிறது. ஆனால் "ஆடிட்டர் பிஸியாக இருந்தார்" என்பதெல்லாம் அங்கே எடுபடாது. 80ஐஏசி (ஸ்டார்ட்அப்புக்கானது), 80ஜேஜேஏஏ (புதிதாக ஆள் எடுப்பதற்கானது) போன்ற கழிவுகளும் அப்படித்தான். கெடுவுக்குள் போட்டால்தான் உண்டு.

இப்போது தேதி. கம்பெனி என்றாலே, ஆடிட் தேவையோ இல்லையோ, கெடு அக்டோபர் 31. வெளிநாட்டுத் தொடர்பு நிறுவனங்களோடு பரிவர்த்தனை இருந்து 92இ ரிப்போர்ட் தேவைப்பட்டால் நவம்பர் 30. உங்களுக்கு அது கிடையாது. 2026-ல் அக்டோபர் 31 சனிக்கிழமை.

ஆனால் உங்கள் உண்மையான கெடு செப்டம்பர் 30 ஆக இருக்கலாம். வரி ஆடிட் தேவைப்படும் கம்பெனிகள் 3சிஏ, 3சிடி என்ற வரி ஆடிட் ரிப்போர்ட்டை ஒரு மாதம் முன்பே ஏற்றியாக வேண்டும். விற்றுமுதல் ஒரு கோடியைத் தாண்டினால் வரி ஆடிட். பண வரவும் பணச் செலவும் தனித்தனியே 5 சதவீதத்துக்குள் இருந்தால் மட்டும் வரம்பு 10 கோடி. "எங்களுக்கு எல்லாமே பாங்க் வழிதான்" என்று சொல்கிறீர்கள். வரவு அப்படித்தான் இருக்கும். செலவு? சனிக்கிழமை சாயந்திரம் லேபருக்குக் கையில் கொடுக்கும் கூலியைக் கூட்டிப் பார்த்தீர்களா? ஆண்டுக்கு 2.4 கோடி செலவு என்றால் 5 சதவீதம் 12 லட்சம், மாதத்துக்கு ஒரு லட்சம். பத்துப் பன்னிரண்டு பேருக்கு வாரக் கூலி பணமாகப் போனாலே அது தாண்டிவிடும். அக்கவுன்ட் பேயீ என்று கோடு போடாத செக்கும் இந்தக் கணக்கில் பணமாகவே எடுத்துக்கொள்ளப்படும். டேலி கணக்கு சாஃப்ட்வேரில் கேஷ் லெட்ஜரைத் திறந்து இன்றே கூட்டிப் பாருங்கள். வரி ஆடிட் தேவையிருந்தும் செய்யாவிட்டால் விற்றுமுதலில் அரை சதவீதம் வரை அபராதம், உச்சவரம்பு ஒன்றரை லட்சம். உங்கள் விற்றுமுதலுக்கு அது 1,25,000.

கம்பெனிச் சட்டப்படியான ஆடிட் வேறு. அது விற்றுமுதல் எவ்வளவாக இருந்தாலும் எல்லா கம்பெனிக்கும் உண்டு. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கான (ஏஜிஎம்) கடைசி நாளும் செப்டம்பர் 30தான். எனவே கணக்கு ஆகஸ்டுக்குள் முடியாவிட்டால் ஏதாவது ஒன்று இடிக்கும்.

3சிடி விஷயத்தில் பலரும் விடும் ஒரு படி இருக்கிறது. ஆடிட்டர் ரிப்போர்ட்டை ஏற்றிவிட்டால் வேலை முடியவில்லை. கம்பெனியின் லாகினில் போய் டைரக்டர் அதை ஏற்றுக்கொண்டு தன் டிஜிட்டல் சிக்னேச்சரைப் போட்டால்தான் அது ஃபைல் ஆனதாகக் கணக்கு. செப்டம்பர் 30 இரவு பத்து மணிக்கு ஆடிட்டர் ஆபீஸிலிருந்து ஃபோன் வரும். டைரக்டர் திருப்பதி மலைமேல் இருப்பார், சிக்னேச்சர் இருக்கும் யூஎஸ்பி டோக்கன் ஆபீஸ் பீரோவில் இருக்கும், பீரோ சாவி மைத்துனரிடம் இருக்கும். டோக்கன் காலாவதி ஆகிவிட்டதா, புதுப்பித்த சிக்னேச்சர் போர்ட்டலில் மீண்டும் பதிவாகியிருக்கிறதா, கம்பெனி ப்ரொஃபைலில் கையெழுத்து அதிகாரம் உள்ளவராக உங்கள் பெயரும் பானும் இருக்கிறதா, இந்த மூன்றையும் ஜூலையிலேயே பார்த்துவிடுங்கள். கம்பெனி ரிட்டர்னுக்கு ஓடிபி செல்லாது, டிஜிட்டல் சிக்னேச்சர் மட்டுமே. மேனேஜிங் டைரக்டர் என்று ஒருவர் இருந்தால் அவர்தான் கையெழுத்திட வேண்டும். அப்படி ஒருவர் இல்லை என்றாலோ, தவிர்க்க முடியாத காரணத்தால் அவரால் முடியவில்லை என்றாலோ, வேறு டைரக்டர் போடலாம்.

"கடைசியில் எப்படியும் தேதியை நீட்டிப்பார்கள்" என்ற நம்பிக்கை சென்னையில் ரொம்பப் பேருக்கு உண்டு. 2025-ல் நீட்டித்தார்கள்தான், அக்டோபர் 31 டிசம்பர் 10 ஆனது. ஆனால் அறிவிப்பு வந்ததே அக்டோபர் 29 அன்று. இரண்டு நாள் முன்புவரை யாருக்கும் தெரியாத ஒன்றை நம்பித் திட்டம் போட முடியாது. அதோடு, அக்டோபர் கடைசி என்றால் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம். அம்பத்தூரில் மழை என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு எஸ்டேட் தண்ணீரில் நின்றது.

அடுத்தது தீபாவளி போனஸ். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மார்ச் 31 கணக்கில் 2025-26க்கான போனஸ் என்று ஒதுக்கி வைத்திருப்பீர்கள். போனஸ் பற்றிய தொழிலாளர் சட்டப்படி கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள், அதாவது நவம்பர் 30க்குள் கொடுத்தால் போதும். ஆனால் வருமான வரியில் 43பி பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. ரிட்டர்ன் கெடுவுக்குள் கையில் கொடுத்தால்தான் அந்த ஆண்டின் செலவு. 2026-ல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் கொடுத்தால் லேபர் சட்டம் திருப்தி, தொழிலாளி திருப்தி, வருமான வரியில் மட்டும் இந்த ஆண்டு செலவாக ஏறாது. அடுத்த ஆண்டில்தான் கிடைக்கும். உங்களுக்கு நஷ்ட ஆண்டு என்பதால் உடனே வரி வராது, நஷ்டத் தொகை குறையும், அவ்வளவுதான். ஆனால் லாபத்தில் இருக்கும் கம்பெனிக்கு 6 லட்சம் போனஸ் என்றால் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரி முன்கூட்டியே போகும், வட்டியும் சேரும். அக்டோபர் 30 வெள்ளிக்கிழமையே பாங்க்கில் போட்டுவிடுங்கள். ஒரு வாரம் முன்னால் வந்தால் தொழிலாளிகள் கோபித்துக்கொள்ளப் போவதில்லை, தி.நகர் கூட்டத்துக்கு முன்பே துணி எடுத்துவிடுவார்கள். மார்ச் 31 அன்று பாக்கி இருந்த ஜிஎஸ்டி, கம்பெனி பங்கு பிஎஃப், பாங்க் வட்டி எல்லாவற்றுக்கும் இதே விதி.

தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடித்த பிஎஃப், இஎஸ்ஐ பங்குக்கு மட்டும் 2025-26 கணக்கில் இந்தச் சலுகை இல்லை. அது அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். 2022 அக்டோபரில் செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்துவிட்டது. ஜூன் மாதத் தொகையை ஜூலை 17 அன்று கட்டியிருந்தால் 2025-26 கணக்கில் அந்தத் தொகை செலவே இல்லை, எந்த ஆண்டிலும் திரும்ப வராது. 3சிடியில் ஆடிட்டர் தேதி வாரியாக எழுதியிருப்பார், ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும் பெங்களூரு மையமான சிபிசியின் கம்ப்யூட்டர் அதைப் பார்த்துத் தானாகவே சேர்த்துவிடும். சலான் தேதிகளை நீங்களே ஒருமுறை சரிபாருங்கள்.

உங்களுக்கு இன்னொரு பெரிய சிக்கல் 43பி(எச்) பிரிவு. எஸ்டேட்டிலேயே உங்களுக்கு ஹீட் ட்ரீட்மென்ட், பிளேட்டிங் செய்து தரும் சின்னப் பட்டறைகள் பெரும்பாலும் உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு நிறுவனங்களாக இருக்கும். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாளில், இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். ஜனவரி 10 தேதியிட்ட 6 லட்ச ரூபாய் பில்லை மே மாதம் கொடுத்தீர்கள் என்றால், மார்ச் 31 அன்று கெடு தாண்டிய பாக்கி அது. அந்த 6 லட்சம் இந்த ஆண்டுச் செலவு இல்லை, கொடுத்த ஆண்டில்தான். போனஸைப் போல ரிட்டர்ன் கெடுவுக்குள் கொடுத்துத் தப்பிக்கவும் முடியாது. கெடு தாண்டியிருந்தாலும் மார்ச் 31க்குள் கொடுத்திருந்தால் பிரச்சினை இல்லை. நடுத்தர நிறுவனமும், வாங்கி விற்கும் டிரேடரும் இதில் வரமாட்டார்கள். எனவே சப்ளையர் ஒவ்வொருவரிடமும் உத்யம் சான்றிதழை வாங்கி, அவர் உற்பத்தியா, சேவையா, வியாபாரமா என்று லெட்ஜரிலேயே குறித்து வையுங்கள். ஆகஸ்டில் உட்கார்ந்து இதைத் தேடுவது நரகம்.

மற்றவை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார், ஆனால் நீங்களும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. டிடிஎஸ் பிடிக்காத செலவில் 30 சதவீதம் தள்ளுபடி ஆகும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000க்கு மேல் பணமாகக் கொடுத்த செலவு முழுவதும் போகும், லாரிக்காரருக்கு மட்டும் 35,000 வரை விடுவார்கள். டைரக்டரே கம்பெனிக்குப் பணமாக 20,000 அல்லது அதற்கு மேல் கடன் கொடுத்தால் கொடுத்த தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அதன் மறுபக்கமும் உண்டு. மைத்துனர் வீட்டுக் காதுகுத்துக்குக் கம்பெனி கணக்கிலிருந்து 3 லட்சம் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதை "அட்வான்ஸ்" என்று டேலியில் போட்டு மறந்துவிடாதீர்கள். 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவருக்குக் கம்பெனி கடன் கொடுத்தால், பழைய ஆண்டுகளின் சேர்ந்த லாபம் இருக்கும் அளவுக்கு அது அவர் கையில் டிவிடெண்டாகக் கருதப்பட்டு வரி விழும். பிறகு திருப்பிக் கட்டினாலும் அது மாறாது. கம்பெனிச் சட்டத்திலும் டைரக்டருக்குக் கடன் தருவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆடிட்டரிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

22 சதவீத வரிக்கு மாறலாமா என்பது நீங்கள் கேட்காத கேள்வி, ஆனால் யாராவது உங்களுக்குச் சொல்லத்தான் போகிறார்கள். 115பிஏஏ பிரிவில் மாறினால் சர்சார்ஜ், செஸ் சேர்த்து 25.168 சதவீதம். நீங்கள் இப்போது இருப்பது 25 சதவீதமும் செஸ்ஸும், அதாவது 26. வருமானம் ஒரு கோடிக்குள் இருக்கும்வரை வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை, 40 லட்சம் லாபத்துக்கு 33,280 ரூபாய். அதற்காக மெஷின் மீதான கூடுதல் தேய்மானம் 8 லட்சத்தை விட வேண்டும். ஏற்கெனவே சேர்த்துவைத்த நஷ்டத்தில் கூடுதல் தேய்மானத்தால் வந்த பகுதியும் மாறும்போது காலாவதி ஆகிவிடும். ஒருமுறை மாறினால் திரும்ப முடியாது. மெஷின் வாங்கிக்கொண்டே இருக்கும் உங்களைப் போன்ற சின்ன உற்பத்தி கம்பெனி அவசரப்படக் கூடாது என்பதுதான் என் கருத்து. வருமானம் கோடியைத் தாண்டியபின் யோசிக்கலாம். மாறும் ஆண்டில் ரிட்டர்னில் டிக் அடித்தால் மட்டும் போதாது, கெடுவுக்குள் 10-ஐசி என்ற படிவத்தைத் தனியாகப் போட வேண்டும். இந்தத் திட்டம் வந்த புதிதில் அதைத் தவறவிட்ட கம்பெனிகள் அவ்வளவு பேர், வரி வாரியமே 2022-லும் 2023-லும் சுற்றறிக்கை போட்டு அந்தந்த ஆண்டுகளுக்கு மன்னிப்புக் கொடுக்க வேண்டியிருந்தது.

படிவம் ஐடிஆர்-6. வரித்துறையின் இலவச யூட்டிலிட்டியிலேயே செய்யலாம், "நாங்களே போடலாமா" என்றால் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் பேலன்ஸ் ஷீட் முழுவதும், பங்குதாரர் விவரம், சொத்து விவரம் எல்லாம் அதில் வரி வரியாக நிரப்ப வேண்டும். 3சிடியில் ஒரு எண், ரிட்டர்னில் ஒரு எண் என்று போனால் நோட்டீஸ் நிச்சயம். ஆடிட் செய்பவரே போடட்டும். நீங்கள் செய்ய வேண்டியது, போடும் முன் போர்ட்டலில் இருக்கும் 26ஏஎஸ் (டிடிஎஸ் விவரம்), ஏஐஎஸ் (உங்கள் பரிவர்த்தனைகளின் ஆண்டு விவரம்) இரண்டையும் இறக்கி, ஜிஎஸ்டி விற்றுமுதலோடும் புத்தகத்தோடும் ஒப்பிடுவது. பெரிய வாடிக்கையாளர் மார்ச்சில் டிடிஎஸ் பிடித்திருப்பார், உங்கள் பில் ஏப்ரலில் இருக்கும். அப்படியானால் வருமானம் கணக்கில் வரும் ஆண்டில்தான் அந்த கிரெடிட்டைக் கேட்க வேண்டும்.

வரி கட்டுவதில் 2026-ல் ஒரு புதிய குழப்பம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் 2025 அமலில் இருக்கிறது. ஆனால் 2025-26 வருமானத்துக்குப் பழைய 1961 சட்டமே, அதன் மதிப்பீட்டு ஆண்டு 2026-27. புதிய சட்டத்தில் மதிப்பீட்டு ஆண்டு என்பதே இல்லை, வரி ஆண்டு மட்டும்தான். நடப்பு ஆண்டுக்கு ஜூன், செப்டம்பரில் கட்டும் அட்வான்ஸ் டாக்ஸ் வரி ஆண்டு 2026-27க்கு. இரண்டிலும் எண் ஒன்றே, ஆண்டு வேறு. சலான் போடும் ஆளிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கம்பெனி வரிக்கான கணக்குத் தலைப்பு 0020. தனிநபர் பழக்கத்தில் 0021 தட்டிவிட்டால் பணம் போயிருக்கும், ரிட்டர்னில் கிரெடிட் வராது.

போர்ட்டலில் பதிவாகியிருக்கும் மெயிலையும் மொபைலையும் பாருங்கள். நிறைய கம்பெனிகளில் அது வேலையை விட்டுப் போன அக்கவுன்டன்டின் ஜிமெயிலாக இருக்கும். ரிட்டர்னில் குறை என்று நோட்டீஸ் வந்தால் சரிசெய்ய 15 நாள்தான். அந்த மெயிலை யாரும் பார்க்காவிட்டால் போட்ட ரிட்டர்னே செல்லாமல் போகலாம், மேலே சொன்ன 11 லட்ச நஷ்டமும் அதோடு போகும்.

கடைசியாக, பிப்ரவரியில் பதிவு செய்த அந்த இன்னொரு கம்பெனி. ஒரு ரூபாய் வியாபாரம் இல்லாவிட்டாலும் கம்பெனி என்றால் ரிட்டர்ன் கட்டாயம். ரிட்டர்ன் போடாததற்கான வழக்குப் பிரிவில் சின்ன வரித்தொகைக்கு விலக்கு இருக்கிறது, அந்த விலக்கில் கம்பெனியைச் சேர்க்கவில்லை. இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னோ பதிவான கம்பெனி, கம்பெனிச் சட்டப்படி முதல் கணக்கை அடுத்த ஆண்டு மார்ச் வரை நீட்டி ஒரே ஆடிட்டாக முடிக்கலாம். அதை வைத்து "ரிட்டர்னும் 2027-லதான்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வருமான வரிக்கு மார்ச் 31 அன்று ஆண்டு முடிந்துவிடுகிறது. பிப்ரவரி, மார்ச் கணக்கைத் தனியே எடுத்து அதற்கும் அக்டோபர் 31க்குள் ஐடிஆர்-6 போட வேண்டும். பங்கு முதல் பாங்க்கில் வந்துவிட்டதா என்றும் பாருங்கள். பதிவான 180 நாளுக்குள் தொழில் தொடங்குவதற்கான அறிவிப்பான ஐஎன்சி-20ஏ படிவத்தைப் போட வேண்டும், பிப்ரவரிப் பதிவுக்கு அது ஆகஸ்டிலேயே முடிகிறது.